ஆளத் தகுதி எது?

"அரசியல்வாதிகள் ஆண்டு நாடு குட்டிச்சுவராயிற்று, இனித் தொழில் நடத்தித் தேர்ந்தவர் கையில் ஆட்சியை ஒப்படைப்போம்!" என்னும் பேச்சை, கற்றவர் வாயிலேயே மிகுதியாகக் கேட்கிறோம். தகுதி, திறமை என்னும் இரு சொற்களும் நமக்குப் புதியவை அல்ல. வகுப்புரிமை கேட்ட நாளெல்லாம் நம் முகத்தில் வீசப்பட்ட சொற்கள் அவை. எனவே, அவற்றை எவர் உரைப்பினும் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

நந்தன் நிலேகணியின் பொதுவாழ்வை எடுத்துக்கொள்வோம். 1981 இல் இன்போசிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய எழுவருள் ஒருவர். 2002 முதல் 2007 வரை அதன் தலைமைச் செயல் அலுவலர். 2009 இல் மன்மோகன் சிங் அரசு அவரை அழைத்து, அமைச்சருக்கு ஒப்பான மதிப்பும் தந்து, தனித்த அடையாள ஆணையத்தின் தலைவராக்கிற்று. 2010 செப்டம்பரில் மராட்டியத்துச் சிற்றூர் ஒன்றில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2014 இல் அவர் விலகியபோது ஏறத்தாழ 60 கோடிப் பேர் எண் பெற்றிருந்தனர். அவ்வாண்டே தென் பெங்களூரில் காங்கிரசு வேட்பாளராக நின்று, பாரதிய சனதாவின் அனந்த்குமாரிடம் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். 2017 இல் இன்போசிசுக்கே திரும்பி அதன் தலைவரானார்.

அவர் திறமையை நாம் மறுக்கவில்லை. ஏழையின் அரிசியைப் போலிப் பெயர்கள் விழுங்கியது பொய்யன்று. அதைத் தடுக்க விழைந்தது குற்றமுமன்று. இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவது பகுத்தறிவுமன்று. ஆயினும் கேட்கிறோம்: கோடிக்கணக்கான மக்களின் கைரேகையையும் கண்மணிப் படிவத்தையும் திரட்டிய அத்திட்டத்திற்குத் தனிச் சட்டம் எப்போது வந்தது? 2016 இல்! அதுவும், மாநிலங்களவை தடுக்க இயலாத நிதி மசோதா என்னும் வடிவில். தொடங்கியவரின் கட்சி வீழ்ந்தது. அத்திட்டத்தைக் குறைகூறிய கட்சியே அரியணை ஏறி, அதை முன்னினும் பெரிதாக்கிற்று. நல்லவர் கையில் உள்ளது என்று நம்பி, கட்டுப்பாடின்றி ஆக்கிய கருவி, அந்த நல்லவர் போனபின் எவர் கையிலும் இருக்கும் அன்றோ?

வணிகத்திற்கும் அரசுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் விளங்குகிறது. கடைக்காரர் சரியில்லையெனில் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். குடிமகனுக்கு அடுத்த அரசு ஏது? நிறுவனத்தில் பங்குக்கு ஏற்ப வாக்கு. குடியரசிலோ ஆளுக்கொரு வாக்கு. 2018 இல் அந்த ஆணையமே உச்சநீதிமன்றத்தில் காட்டிய கணக்கின்படி, அரசுப் பணிகளில் நூறு முறை சரிபார்த்தால் 88 முறையே ஒத்துப்போயிற்று. நிறுவனத்தின் கண்ணுக்கு அது, அடுத்த பதிப்பில் திருத்தவேண்டிய பிழை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலோடு நியாயவிலைக் கடையில் நிற்கும் கிழவிக்கோ, அது அன்றைய உலை!

சாத்திரம் சொல்லிற்று என்று கோயில் வாயிலில் நிறுத்தினார்கள்; ஏன் என்று கேட்டோம். கணிப்பொறி சொல்லிற்று என்று கடை வாயிலில் நிறுத்தினால் மட்டும் வாய்பொத்தி நிற்பதா? மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு எதுவாயினும் அது வேதமே. எழுதியது முனிவராயினும் சரி, பொறியாளராயினும் சரி.

2018 செப்டம்பர் 26 இல் ஐந்து நீதிபதிகளுள் நால்வர் அச்சட்டம் செல்லும் என்றனர். எனினும் தனியார் நிறுவனங்கள் அவ்வெண்ணைப் பயன்படுத்த இடந்தந்த பிரிவை வெட்டினர். நீதிபதி சந்திரசூட் மட்டும், சட்டத்தை நிதி மசோதாவாக நிறைவேற்றியதே அரசியலமைப்புக்கு முரண் என்று தனித்து நின்றார். இவ்வளவும் எதனால் நிகழ்ந்தது? திறமைக்கு முன் கைகட்டி நில்லாமல், கேள்வி கேட்ட குடிமக்களால்!

தொழில்துறையினர் அரசியலுக்கு வரலாகாது என்பதல்ல நம் கருத்து. உழவர் வரட்டும், ஆசிரியர் வரட்டும், நிறுவனத் தலைவரும் வரட்டும். நிலேகணி வாக்குக் கேட்டு மக்கள்முன் நின்றதை நாம் மதிக்கவே செய்கிறோம். ஆனால் அவர் அதிகாரம் செலுத்திய ஐந்தாண்டுகள் அதற்கு முன்னரே கழிந்துவிட்டன என்பதையும் மறவோம். ஆளத் தகுதி என்பது செய்து முடிக்கும் ஆற்றல் மட்டுமன்று. செய்ததற்கு விடையிறுக்கும் கடப்பாடும் ஆகும்.

இளைஞர்களே, உங்கள் ஊர் நியாயவிலைக் கடையில் ஒருநாள் நில்லுங்கள். விரல் ஒத்துப்போகாமல் திரும்பியவர் எத்தனை பேர், அவர்களுக்கு மாற்றுவழி காட்டப்பட்டதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திறமையைப் பற்றிய வாதத்தை அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.