எர்த் பின்னும் எலுமிச்சம்பழமும்

ஆஸ்திரேலியாவில் கேரவன் வைத்திருப்பவர்களிடம் "இந்த கனெக்‌ஷன் சரியில்லை" என்று சொல்லிப் பாருங்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: "இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒண்ணும் ஆகலையே." மெல்பர்னில் எலெக்ட்ரீசியனாக வேலை பார்க்கும் எனக்கு இது கேட்டுக் கேட்டுப் பழகிய வசனம். அசட்டுத் துணிச்சல் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. இதற்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது: கெடுதல் வராத வரைக்கும் செயலில் குற்றம் இல்லை. அது சரிதானா என்பதுதான் கேள்வி.

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண பிளக் பாயின்ட் 10 ஆம்பியர். கேரவனுக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயரின் பிளக் 15 ஆம்பியர். இரண்டிலும் மூன்று பின்தான். மேலே இரண்டும் சாய்ந்திருக்கும், கீழே எர்த் பின் நேராக நிற்கும். 15 ஆம்பியர் பிளக்கில் அந்த எர்த் பின் மட்டும் அகலம். அதனால் சிறியது பெரியதற்குள் போகும், பெரியது சிறியதற்குள் போகாது. கேரவன் பார்க்கில் 15 ஆம்பியர் பாயின்ட்டே இருக்கும், அங்கே தொல்லையில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, பயணத்துக்கு முந்தின நாள் ஃப்ரிட்ஜைக் குளிரவைக்கப் பார்க்கும்போதுதான் பிளக் உள்ளே போக மாட்டேன் என்கிறது.

அப்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் அரத்தை எடுத்து எர்த் பின்னை அராவி ஒல்லியாக்குகிறார்கள். சிலர் ஒரு முனையில் 10 ஆம்பியர் பிளக், மறுமுனையில் 15 ஆம்பியர் சாக்கெட் என்று குட்டையாக ஒரு அடாப்டர் ஒயரைத் தாங்களே செய்து மாட்டுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள், நடுவில் 10 ஆம்பியர் பிரேக்கரும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.டி.யும் வைத்த, தண்ணீர் புகாத அடாப்டர் பெட்டியை வாங்குகிறார்கள். அல்லது உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத் தனியாக 15 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்கிறார்கள். நான்கு வழியிலும் ஃப்ரிட்ஜ் குளிரும். வெளிப்பார்வைக்கு நான்கும் ஒன்றுதான்.

உள்ளே ஒன்றல்ல. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2300 வாட். 15 என்றால் 3450. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது கெட்டிலைப் போட்டால் 10 ஆம்பியர் தாண்டிவிடும். "தாண்டினா மெயின் போர்டுல டிரிப் ஆயிடுமே" என்பார்கள். ஆகாது. வீட்டில் பல பாயின்ட்களுக்குச் சேர்த்துப் பெரும்பாலும் 16 அல்லது 20 ஆம்பியர் பிரேக்கர்தான் இருக்கும். சுவருக்குள் போகும் ஒயரைக் காப்பாற்றுவது அதன் வேலை. ஒரு பாயின்ட்டின் பித்தளைத் தகடு படும் பாடு அதற்குத் தெரியாது. கரண்ட் ஒன்றரை மடங்கானால் சூடு ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரண்டேகால் மடங்கு ஆகிறது. இப்படிச் சூடேறிய பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பின் நுழையும் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுத்துப் பழுப்பாகியிருக்கும், ஸ்குரு பக்கம் ஒயரின் தோல் கருகி இறுகியிருக்கும். சில சமயம் புகை வருவதற்கு முன்பே மீன் கவிச்சி போல ஒரு வாடை வரும். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜில் எதுவோ கெட்டுப்போய்விட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்.

அராவுவதில் இதைவிடப் பெரிய கோளாறு உண்டு. மற்ற இரண்டு பின்களும் தினமும் உழைக்கின்றன. எர்த் பின்னுக்கு நல்ல நாளில் வேலையே கிடையாது. அது இருப்பது கெட்ட நாளுக்காக. உள்ளே எங்கோ ஒரு ஒயர் உரிந்து கேரவனின் அலுமினிய உடம்பைத் தொட்டுவிட்டால், எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கணமே கரண்ட் அந்த வழியாக ஓடி, ஆர்.சி.டி. அல்லது பிரேக்கர் விழுந்துவிடும். எர்த் தொடர்பு தளர்ந்திருந்தால் எதுவும் விழாது. ரப்பர் டயர் மேல் நிற்கும் அந்த வண்டி முழுக்க 230 வோல்ட்டோடு சும்மா காத்திருக்கும், ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று ஒருவர் கதவுக் கைப்பிடியைத் தொடும் வரைக்கும். அதற்குப் பிறகு 30 மில்லி ஆம்பியரில் ஆர்.சி.டி. விழும் என்பது ஒரு ஆறுதல்தான்; அது பொருத்தப்பட்டிருந்து, அன்றைக்கு வேலையும் செய்தால். அரம் விழுவது உயிர் காக்க மட்டுமே வைத்த அந்த ஒரு பின்னின் மேல்.

எங்கள் குடும்ப நண்பர் ஒருவர், என்னைவிட இளையவர், கேரவன் வாங்கிய கையோடு கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கொண்டுபோய் வாகன பூஜை போட்டார். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். ஏற்றி நசுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாயிற்று. அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது கேரவன் ஒயரின் முனை வராந்தா பாயின்ட்டில் செருகியிருந்தது. உருவிப் பார்த்தேன். எர்த் பின்னின் இரண்டு ஓரமும் அரத்தின் கோடு கோடாகப் புதுப்பித்தளை மின்னியது. ஒரு பக்கம் மேலே தடித்து, நுனியில் ஒல்லியாகி, கோணலாக இருந்தது.

"என்ன தம்பி இது?"

"அண்ணே, பூஜையெல்லாம் போட்டாச்சு. ஒண்ணும் ஆகாது."

கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அதனால்தான் அதை நம்பிக்கையின் தளத்திலேயே வைத்து யோசிக்கத் தோன்றியது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர் என்ன சொல்கிறார்? இந்த வண்டியால் கெடுதல் வரலாம், அது முழுக்க என் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆபத்து உண்டு என்பதை ஏற்பதுதான் அந்தச் சடங்கின் முதல் வார்த்தை. அதைச் செய்தவர் மறுவாரம் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால், தான் போட்ட பூஜையையே மறுக்கிறார். என் கையில் இல்லாததைச் சாமியிடம் ஒப்படைப்பது பக்தி. என் கையில் இருந்ததை அரத்தால் கெடுத்துவிட்டு அதையும் அவர் தலையில் கட்டுவதற்கு வேறு பெயர்.

வில்லியம் கிளிஃபர்டு என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1877-இல் 'நம்பிக்கையின் அறம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பழைய கப்பல், பழுது பார்க்க வேண்டியது. அவருக்கும் சந்தேகம் இருக்கிறது. ஆனால் இத்தனை பயணம் பத்திரமாகப் போய் வந்ததே, கடவுள் கைவிடுவாரா என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். புதுநாட்டில் பிழைக்கப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கிளிஃபர்டு அதோடு விடவில்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் குற்றம் இம்மியளவும் குறையாது என்றார். செயல் செய்த கணத்திலேயே சரியோ தப்போ தீர்மானமாகிவிட்டது. அப்புறம் நடப்பது அதை மாற்றாது. இதை எழுதியவர் 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில், சிசிலிக் கடற்கரையில் கப்பல் உடைந்து உயிர் தப்பியவர்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு நேரடிப் பொருள் உண்டு. "ஒண்ணும் ஆகலை" என்பது எர்த் பின்னைப் பற்றிய சாட்சியமே அல்ல. இதுவரை உள்ளே ஒயர் எதுவும் உரியவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கெட்ட நாளில் மட்டும் வேலை செய்யும் ஒன்றை நல்ல நாட்களை எண்ணிச் சோதிக்க முடியாது.

"சரி, என் உயிர், என் விதி" என்று ஒருவர் வாதிடலாம். விதியைச் சாக்காகச் சொல்வது பழைய வழக்கம். கிரேக்கத்து ஸ்டோயிக் ஞானி கிரிசிப்பஸ் அதற்கு அன்றே பதில் வைத்திருந்தார். குணமாவது விதி என்றால் வைத்தியரைக் கூப்பிடுவதும் அந்த விதியோடு சேர்ந்ததுதான் என்பது அவர் கட்சி. ஆனால் இங்கே அந்த வாதம் தேவைகூட இல்லை. கதவுக் கைப்பிடியைத் தொடப்போவது பெரும்பாலும் அராவியவர் அல்ல. விளையாட வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை. நாலு வருஷம் கழித்துக் கேரவனை விலைக்கு வாங்கியவர். அவருக்கு அந்த ஒயரின் கதை தெரியாது.

பைபிளில் உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது: புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். இல்லாவிட்டால், விழுபவனின் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல். எந்தத் தெய்வத்தை எப்படி வணங்குவது என்பதெல்லாம் பேசும் ஒரு நூல், சுவரின் விளிம்பைப் பற்றியும் கட்டளை போடுகிறது. தன் மாடி எங்கே முடிகிறது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியும். சுவர் விருந்தாளிக்காக.

பிரேக்கர் வைத்த அடாப்டர் பெட்டியை நான் கைப்பிடிச்சுவர் ஜாதியில்தான் சேர்க்கிறேன். அகலமான பின் முன்பு "வராதே" என்று தடுத்தது. பெட்டி "வா, ஆனால் இவ்வளவுதான்" என்கிறது. அளவு மாறவில்லை; அதைச் சொல்லும் இடம்தான் மாறியிருக்கிறது. வெறும் அடாப்டர் ஒயரோ தடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை. மாட்டுகிறவர் தானே பிரேக்கராக இருப்பேன், எந்நேரமும் கணக்குப் பார்ப்பேன் என்று சத்தியம் செய்த மாதிரி. அந்தச் சத்தியத்தை வீட்டில் எல்லாரும், வந்த விருந்தாளிகளும், எப்போதும் காப்பாற்றியாக வேண்டும். மனிதர்களால் ஆகிற காரியமில்லை.

நண்பர் கடைசியில் பெட்டி வாங்கினார். என் தத்துவத்தால் அல்ல, அவர் மனைவி அந்தப் பின்னைப் பார்த்துவிட்டதால். இப்போது அவர் குறை வேறு: நாற்பது டிகிரி வெயிலில் ஏசி ஓடும்போது கெட்டிலைப் போட்டால் டிரிப் ஆகிவிடுகிறதாம், காப்பிக்காக ஏசியை நிறுத்த வேண்டியிருக்கிறதாம். நிறுத்துங்கள் என்றேன். அறம் பெரும்பாலும் இதைவிட அதிக விலை கேட்கும்.