தளர்ந்த காலத்தில் தாங்குவது எது?

தளர்ச்சி தனி மனிதனுக்கு மட்டும் வருவதன்று, திருக்கோயில்கட்கும் வருவதுண்டு. அவ்வேளையில் தாங்கி நிற்பது எது, மீட்டுத் தருவது எது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

1323ஆம் ஆண்டில் தில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தது. மூலவர் திருமுன்பே கல்திரை எழுந்தது. முதுமை எய்தியிருந்த பிள்ளை லோகாசாரியர் உற்சவமூர்த்தியை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். மீண்டும் அரங்கம் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. வேதாந்த தேசிகர் ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காத்துக்கொண்டு, கன்னட நாட்டுச் சத்தியாகாலத்தில் வாழ்ந்தார். எம்பெருமானோ மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் தங்கி, 1371இல் விஜயநகரத்துக் கோபணாரியரின் முயற்சியால் தம் திருக்கோயிலுக்கு எழுந்தருளினார்.

இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள் என்று இன்று நாம் எளிதாகக் கணக்கிடுகிறோம். அன்று சுமந்தவர்களுக்கு அக்கணக்குத் தெரியாது. முடிவு எப்போது, முடிவு உண்டா என்பதும் அறியாமலே சுமந்தனர். ஒருவர் திருமேனியைச் சுமந்தார். ஒருவர் சுவடியைச் சுமந்தார். முழுக் கோயிலையும் சுமந்தவர் எவருமிலர். தம் கைக்கு அடங்கியதை மட்டும் கைவிடாதிருந்தனர். அதுவே கோயிலைக் காத்தது.

மீண்டு வந்தபோது மற்றொரு சங்கடம். இடைக்காலத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளப் பெற்றிருந்தது. பழைய மூர்த்தி எவர் என்று துணிவார் இலர். கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவர் ஈராடைத் தீர்த்தத்தின் சுவையாலும் மணத்தாலும் அறிந்து, இவரே நம்பெருமாள் என்றார் எனக் கோயிலொழுகு கூறும். அரசனும் பண்டிதரும் அறியாததைத் தொண்டு செய்தவரின் நினைவு அறிந்தது. தளர்ந்தவன் தன்னையே மறந்து நிற்கும்போது, அவனை மறவாத ஒருவர் அருகிருத்தல் எத்துணை இன்றியமையாதது!

கீதையிலும் இதுவே காண்கிறோம். வில் நழுவ விட்ட அருச்சுனனைக் கண்ணன் முதலில் கடிந்துகொண்டான், தளர்ச்சி நீங்கவில்லை. போர் புரியேன் என்று கூறி அவன் வாய் மூடிக்கொண்டான். அப்போதும் கண்ணன் தேரைவிட்டு இறங்கிச் செல்லவில்லை. அருகிருந்து, அவன் வினவிய அனைத்திற்கும் பொறுமையுடன் விடை தந்தான். கடிந்துரை செய்யாததை உடனிருப்புச் செய்தது.

நாமோ, மனம் சோர்ந்தவரைக் கண்டால் பக்தி போதாது என்கிறோம். இது தகுமா? சோர்வு பாபமன்று. அது நோயாக முற்றியவிடத்து மருத்துவரை நாடுவது நம்பிக்கைக் குறைவுமன்று. சோர்ந்தவர் செய்யத்தக்கது, கைக்கு அடங்கிய ஒரு சிறு கடமையை விடாதிருத்தல். அதுவும் இயலாதபோது பிறர் தோளில் சாய நாணாதிருத்தல். மற்றையோர் செய்யத்தக்கது, அவர் தேரைவிட்டு இறங்காதிருத்தல்.

இன்று திருவீதியில் பெருமாளைச் சேவிக்கும் நாம், கல்திரைக்குப் பின்னும் அரங்கன் அங்கேயே பள்ளிகொண்டிருந்தான் என்பதை நினைவிற் கொள்வோமாக.