மறைத்துக் கொடுக்கும் மருந்து

தலையில் அடிபட்டு உயிர் பிழைத்து வந்தவர் மறுபடி டாஸ்மாக் பக்கம் போகிறார். "ரசத்தில் கலந்து கொடு, தானாக விட்டுவிடுவார்" என்று மனைவியிடம் ஒரு பொட்டலத்தை நீட்ட ஊரில் ஆள் உண்டு. கலக்கலாமா?

விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. அதற்குப் பிறகான வருடங்களைச் சுமப்பது குடும்பம். "ஆளே மாறிட்டாரு" என்று வீட்டில் சொல்வது மிகையல்ல. மூளையின் முன்பகுதி காயப்பட்டால் ஆசையை அடக்கும் திறன் குறையும், கொஞ்சம் குடித்தாலே தள்ளாடும், வலிப்பும் வரலாம். எல்லாவற்றையும் திமிர் என்பது அநியாயம்.

அதனால் குடும்பம் தலையிடத்தான் வேண்டும். ஆனால் மறைத்தல்ல. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே போனது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தினமும் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். இன்னொன்றும் உண்டு. சோறு போடும் கையையே சந்தேகிக்க வைத்துவிட்டால், வலிப்பு மாத்திரையையும் அவர் அந்தக் கையிலிருந்து வாங்கமாட்டார்.

பைக் சாவி தம்பியிடம் இருக்கட்டும், கூலிப் பணம் மனைவி கைக்கு வரட்டும். அவர் தெளிவாக இருக்கும் காலைப்பொழுதில், அவரிடம் சொல்லிவிட்டு. கத்துவார். கத்தட்டும். கை நீட்டினால் மனைவி பிள்ளைகளோடு விலகிப் போவது துரோகமல்ல. முடிவெடுக்கும் நிலையிலேயே அவர் இல்லையென்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மருத்துவர்களின் பரிசோதனைக்குப் பிறகு முதலில் 30 நாள் வரை மனநல மையத்தில் சேர்க்க வழியுண்டு.

உத்திரமேரூர்ச் சோழர் கல்வெட்டில், கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரும் சபைக்குத் தகுதியிழந்தனர். ஒருவர் தவறுக்கு உறவையும் தண்டிக்கும் அந்தப் புத்தி போகவில்லை: "பொண்டாட்டி சரியில்லை, அதான் குடிக்கிறான்" என்று ஊர் இன்னமும் சொல்கிறது. கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையம், குடும்பத்தாரையும் குற்றவாளியாக்காமல் சிகிச்சைக்கு உரியவராகவே பார்த்தது. அதுவே நியாயம்.

மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, மனைவியோ தாயோகூட அழைக்கலாம்.