சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிச் சிரித்தவர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பழமொழி இன்னும் காரமாக வந்திருக்கும். அமெரிக்காவில், 1990-களின் கடைசியில் வந்த போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று ஓடும் நிலையில் இன்று பத்தாயிரம் டாலர் அக்கம்பக்கத்தில் கிடைக்கிறது. அதன் இன்ஜின் போய்விட்டால், பெயர் பெற்ற பட்டறையில் முழுதாகப் பிரித்துக் கட்டி மாட்டித் தர 20,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். விபத்தில் நசுங்கிய காரிலிருந்து கழற்றிய பழைய இன்ஜின் போதும் என்றால் செலவு பாதியாகக்கூடக் குறையலாம். ஆனால் அது எத்தனை நாள் ஓடும் என்பது விற்பவருக்கே தெரியாது.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: காரைவிட இன்ஜினுக்கு அதிகம் கொடுப்பவன் புத்தி கெட்டவன். நானும் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். ஆனால் இந்தக் காரை வைத்திருக்கும் ஒரு நண்பரோடு பழகிய பிறகு, அந்தத் தீர்ப்பு கொஞ்சம் அவசரமானது என்று படுகிறது.

முதலில், இந்தக் கணக்கு ஏன் இப்படித் தலைகீழாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பாக்ஸ்டர் அமெரிக்காவுக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 40,000 டாலர். இன்று அதில் கால் பங்குக்கு வந்துவிட்டது. காரின் விலைதான் இறங்கியதே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலையும் அதைத் தொடத் தெரிந்த மெக்கானிக்கின் கூலியும் இறங்கவில்லை. வாங்கும்போது கார் நம் வசதியைப் பார்த்து இறங்கி வருகிறது. பழுது பார்க்கும்போது தான் பிறந்த இடத்தின் சீரைக் கேட்கிறது. மலிவாகக் கிடைக்கும் பழைய ஆடம்பரப் பொருள் எல்லாவற்றுக்கும் இதுதான் குணம்.

இந்தக் காருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் போர்ஷே விற்பனை சரிந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. 1993-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் பாக்ஸ்டரின் மாதிரியைக் காட்டியபோது கிடைத்த வரவேற்புதான் நிறுவனத்துக்குத் தெம்பைக் கொடுத்தது. அதே காலத்தில் தலைமைக்கு வந்த வென்டலின் வீடக்கிங், டொயோட்டா வழிமுறை தெரிந்த ஜப்பானிய ஆலோசகர்களைத் தொழிற்சாலைக்குள் கூட்டிவந்து செலவைக் குறைத்தார். 1996-இல் பாக்ஸ்டரும், அடுத்த ஆண்டு போர்ஷேயின் புகழ்பெற்ற 911 காரின் புதிய தலைமுறையான 996-உம் வந்தன. இரண்டுக்கும் முன்பாதி ஏறக்குறைய ஒன்றே. இன்ஜினும் ஒரே குடும்பம்: தண்ணீரால் குளிரும் எம்96. அதுவரை 911 என்றாலே காற்றால் குளிரும் இன்ஜின்தான்.

எம்96-இல் ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாக, எதிரெதிரே படுத்திருக்கும். கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுகளுக்குக் கடத்த நடுவில் ஒரு தண்டு. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது, கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பால் பேரிங். உள்ளங்கையில் அடங்கிவிடும் சாமான். வருடங்கள் போகப் போக மூடி தளர்ந்து இன்ஜின் ஆயில் உள்ளே கசியும், கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும். இரும்புத் தூள் ஆயிலோடு சேர்ந்து இன்ஜின் முழுக்கச் சுற்றிவரும். அதற்குப் பிறகு ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, இன்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

2000 வாக்கில், குண்டுகள் இரட்டை வரிசையாக இருந்த பேரிங்குக்குப் பதில் ஒற்றை வரிசை பேரிங் வந்தது. அதுதான் அதிகம் பேர் கெடுத்துக்கொண்டது. 2006 வாக்கில் பெரிய பேரிங் வைத்தார்கள். அது இன்ஜினை இரண்டாகப் பிளக்காமல் வெளியே வராது. 2009 மாடல்களில் அந்த நடுத்தண்டே இல்லாத புது இன்ஜின் வந்தது. 2001 முதல் 2005 வரையிலான குறிப்பிட்ட கார்களுக்காக அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசமானது. அந்த உடன்பாட்டுக்குக் கார்களின் வயதிலும் ஓட்டத்திலும் வரம்பு இருந்தது. இன்று இந்தக் கார்களில் ஒன்றுக்கு இன்ஜின் போனால், கொடுக்க வேண்டியவர் சாவியைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே. ஒற்றை வரிசை பேரிங்குகளிலும் பெரும்பாலானவை உடையாமலே ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் போகும் என்றால் யாரும் வாங்க மாட்டார்கள். யாருக்கும் போகாது என்றால் விலை இவ்வளவு இறங்கியிருக்காது.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் நண்பர் விருதுநகர்க்காரர். அப்பா பருப்பு மண்டியில் கணக்கு எழுதியவர். மகனுக்கும் பற்று, வரவு பார்க்காமல் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் ஒரு பாக்ஸ்டர் வைத்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம். கிளட்ச் மாற்ற வேண்டி வந்தபோது அவரோடு நானும் பட்டறைக்குப் போனேன். கியர்பாக்ஸைக் கழற்றினால்தான் அந்த பேரிங் கைக்கு எட்டும். அதனால் கிளட்ச் வேலையோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுவது வழக்கம். கூலி ஒரே கூலியாக முடியும்.

பாக்ஸ்டரில் இன்ஜினைத் திறந்து பார்க்கப் பானெட் கிடையாது. முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. பின் டிக்கிக்குள் ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி, அவ்வளவுதான். இருக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்ஜினின் சத்தத்தைக் கேட்கலாமே தவிர, முகத்தைப் பார்க்க முடியாது. காரை லிஃப்டில் ஏற்றியபோதுதான் நண்பரே அதன் அடிப்பாகத்தை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தார்.

மெக்கானிக் எட்டு லிட்டருக்கு மேல் ஆயிலை வடித்துவிட்டு, ஃபில்டரை வெளியே எடுத்தார். காகிதத்தைக் கத்தியால் அறுத்து, ஆயிலைப் பிழிந்து, மடிப்பு மடிப்பாக விரித்து விளக்கின் கீழ் வைத்தார். ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தைக் காட்ட வேண்டும். ஒட்டினால் இரும்பு, பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம், வேறு இடத்தில் தேய்மானம். பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயின் உரசி ஓடும் பட்டை தேய்கிறது. நண்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் இல்லை, கறுத்த ஆயில் மட்டும்தான். புது பேரிங் போட்டார்கள். கிளட்ச் போக சில ஆயிரம் டாலர்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில்தான் உண்மையான விசாரணை. நண்பரின் மனைவி என்னை நடுவராக்கினார்.

“அண்ணே, நீங்களே சொல்லுங்க. நாளைக்கு இன்ஜின் போச்சுன்னா வண்டி விலையில ரெண்டு மடங்கு ஆகும்ங்கிறாங்க. இதை எந்தக் கணக்குல எழுத?”

நான் வாயைத் திறப்பதற்குள் நண்பர் முந்திக்கொண்டார். “பழைய போர்ஷே விலை ஏறும்மா. காத்தால குளிருற 911 எல்லாம் என்ன விலைக்குப் போகுதுன்னு பாரு. இதுவும் ஒருநாள் ஏறும். ஒரு வகையில முதலீடுதான்.”

“சரி, ஏறாதுன்னு நிச்சயமாத் தெரிஞ்சா வித்துருவீங்களா?”

நண்பர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “மாட்டேன்” என்றார்.

“அப்ப எதுக்கு ஏறும் ஏறும்னு சொல்றீங்க?”

எனக்குத் தீர்ப்புச் சொல்ல வேலையே இல்லாமல் போய்விட்டது. அந்தக் கேள்வி காரோடு நிற்கவில்லை, எங்கள் தலைமுறையின் பழக்கம் ஒன்றையே பிடித்து உலுக்கியது. சம்பளத்தில் மேலே வந்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லி வாங்கத் தெரியாது. நகை வாங்கினால் சேமிப்பு. தேவைக்கு மேல் பெரிய வீடு கட்டினால் சொத்து. கேமரா வாங்கினால் பிள்ளைக்கு உபயோகப்படும். ஊர் சுற்றப் போனால்கூட அறிவு வளரும் என்று ஒரு காரணம். பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த பெற்றோர் முன்னால், ‘எனக்கு ஆசையாக இருந்தது, வாங்கினேன்’ என்று நிற்கும் தைரியம் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே ஆசைக்கெல்லாம் முதலீடு என்று பெயர் வைத்து வீட்டுக்குள் கூட்டிவருகிறோம்.

பழைய காரின் இன்ஜின் அந்த வேஷத்தைக் கலைத்துவிடுகிறது. 20,000 டாலர் போட்டு இன்ஜினைக் கட்டினாலும், பத்தாயிரம் டாலர் கார் 30,000 டாலர் காராகாது. கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம், அவ்வளவே. போட்ட பணம் திரும்பாது. அதைச் செலவு என்பதைத் தவிர வேறு பெயரால் அழைக்க வழியில்லை.

நண்பர் சொன்ன காற்றால் குளிரும் 911-களையே எடுத்துக்கொள்வோம். அந்த வரிசையில் கடைசி, 1998-இல் முடிந்த 993. நல்ல நிலையில் இருப்பவை இன்று புதிதாக விற்ற விலையைவிடக் கூடுதலாகப் போகின்றன. அந்த இன்ஜினைப் பிரித்துக் கட்டவும் அதே 20,000 டாலரும் அதற்கு மேலும் ஆகும். வேலையும் அதே வகை வேலை, மெக்கானிக்கின் கையில் அதே அழுக்கு. ஆனால் 993 வைத்திருப்பவரை யாரும் புத்தி கெட்டவர் என்பதில்லை, சொத்தைப் பாதுகாக்கிறார் என்கிறார்கள். பாக்ஸ்டர்காரர் மட்டும் கேலிக்கு ஆளாகிறார். இருவரும் செய்வது ஒரே காரியம். நடுவில் மாறியது, முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் காருக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை மட்டும். நம் ஆசை நியாயமா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமையை அந்த மூன்றாம் மனிதரிடம் கொடுத்துவிட்டோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதற்காக, ஆசை என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. செலவு என்று ஒப்புக்கொண்டவருக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: இந்தச் செலவைத் தாங்க என்னால் முடியுமா? முதலீடு என்று சொல்லிக்கொள்ளும்வரை கடன் வாங்கிப் போடலாம், பிள்ளையின் கல்லூரிப் பணத்தில் கை வைக்கலாம். என்றோ திரும்பி வரும் என்ற சமாதானம் இருக்கும். திரும்பாது என்று தெரிந்த பிறகு அந்த வழிகள் எல்லாம் அடைபடும். சொந்தக் கையிலிருந்து, போனது போனதுதான் என்று கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம். செலவு என்ற பெயர் ஊதாரித்தனத்துக்குக் கதவைத் திறக்கும் என்று நினைப்போம். நடப்பில் அதுதான் கதவுக்குத் தாழ்ப்பாள்.

இன்ஜின் நிஜமாகவே போனவர்கள் முன்னால் இருக்கும் வழிகளும் அப்போது தெளிவாகின்றன. ஏற்கெனவே போட்ட பணத்தை நினைத்து மேலும் போடுவது வீண். அது எந்த வழியிலும் திரும்பாது. அதே தொகைக்கு ஓடுகிற வேறு பாக்ஸ்டரே வாங்கலாமே என்பது நியாயமான யோசனை. ஆனால் அதனுள்ளும் இதே பேரிங், இதே சந்தேகம். புதிதாகக் கட்டிய இன்ஜினுக்குக் கொடுப்பதில் ஒரு பகுதி நிம்மதிக்கான விலை. தொழிற்சாலையே மாற்றிக் கொடுத்த இன்ஜின் என்பதற்கு அடையாளமாக ‘ஏடி’ என்ற எழுத்துகள் இன்ஜின் எண்ணோடு இருந்தால், 996 தேடுகிறவர்களில் பலர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பழைய 911 சேகரிப்பவர்களோ பிறந்தபோது இருந்த அதே எண் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். ஓட்ட நினைப்பவருக்கு ஒரு கணக்கு, பூட்டி வைக்க நினைப்பவருக்கு வேறு கணக்கு.

விற்றுவிடுவதும் மானக்கேடு இல்லை. இன்ஜின் செத்த காரை அப்படியே சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. பந்தயத் தடத்துக்கு வேறு இன்ஜின் மாட்டுகிறவர், உதிரிபாகத்துக்குப் பிரிக்கிறவர் என்று அதற்கென ஒரு சந்தை உண்டு. செய்யக் கூடாத காரியம் ஒன்றுதான்: ஃபில்டரில் மினுமினுப்பைப் பார்த்துவிட்டு, புது ஆயில் ஊற்றி, கழுவித் துடைத்து, விவரம் தெரியாத இளைஞன் ஒருவன் தலையில் கட்டுவது. பழைய கார்களின் சுமைகூலி பெரும்பாலும் அப்படித்தான் கைமாறுகிறது. கடைசியில் யார் கையில் உடைகிறதோ அவர் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

நண்பரும் மனைவியும் அதன்பின் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாதா மாதம் ஒரு தொகை, காரின் பெயரில் தனியாகப் போகிறது. அது இன்ஜின் விலையை எட்டுமுன் இன்ஜின் போனால் கார் போகும், கடன் கிடையாது. எட்டிய பிறகு போனால் இன்ஜின் வரும், விலை ஏறும் என்ற பேச்சு கிடையாது. சுண்டைக்காய்க்கு முக்கால் பணம் சுமைகூலி கொடுத்தவனைப் பழமொழி கேலி செய்கிறது. அவனுக்குச் சுண்டைக்காய் எவ்வளவு பிடிக்கும் என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிடிக்கும் என்று சொல்லியிருப்பானா, அல்லது சந்தையில் நாளை விலை ஏறும் என்று சொல்லியிருப்பானா என்பதைப் பொறுத்துத்தான் நான் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.