அடுப்படி ஜெபக்கூட்டம்

(தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 1:5)



சென்ற மாதம் நம் சபையின் மூத்த பாட்டியம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்ததை அறிவீர்கள். குடிகாரப் புருஷனைக் கண்ணீரின் ஜெபத்தினாலே ஆதாயப்படுத்திக்கொண்ட மனைவி. இட்லி சுட்டு விற்று ஐந்து பிள்ளைகளை ஆளாக்கின தாய். பேரப்பிள்ளைகளுக்குச் சோற்றோடு வசனத்தையும் பிசைந்து ஊட்டின பாட்டி. இதையெல்லாம் அடக்க ஆராதனையிலே சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, தைரியம் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டியம்மா பேரப்பிள்ளைகளை அடுப்படியில் உட்காரவைத்து வேதம் வாசித்து ஜெபிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு அவர்களுடைய அம்மாமாரும் வந்தார்கள். கூட்டம் முற்றம் வரைக்கும் போய்விட்டது. "ஐயா, உங்க அனுமதி இல்லாம தனியா சபை நடத்துறாங்க" என்று சிலர் என் காதில் போட்டார்கள். நானும் போய், "நிறுத்திடுங்கம்மா" என்றேன்.

"சரிங்கய்யா, நிறுத்திடுறேன். நாளைக்கு ஆண்டவர் இந்தப் பிள்ளைங்க எங்கன்னு கேட்டா, ஐயாதான் நிறுத்தச் சொன்னாங்கன்னு சொல்லிக்கலாமா?"

கோபமாய்க் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. இந்த பதிலை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன்! வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரப் பாடத்தில் சூசன்னா வெஸ்லி அம்மையாரைப் பற்றிப் படித்தோம். இங்கிலாந்திலே எப்வொர்த் என்ற ஊர்ப் போதகரின் மனைவி. 19 பிள்ளைகள் பெற்று, பாதிக்குக் கிட்ட குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். 1709-ல் வீடு தீப்பற்றி எரிந்தபோது, ஐந்து வயது ஜான் வெஸ்லியை மேல்மாடி ஜன்னல் வழியாய்த்தான் இறக்கினார்கள். அத்தனை பிள்ளைகள் இருந்தும் ஒவ்வொருவரோடும் தனித்தனியே ஆத்தும காரியம் பேச வாரத்தில் நேரம் குறித்திருந்தாராம். ஜானுக்கு வியாழக்கிழமை.

1711-12 குளிர்காலத்தில் கணவர் சபைக் காரியமாய் லண்டனில் இருந்தார். ஞாயிறு மாலையில் அம்மையார் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் பிரசங்கம் வாசித்தார். கேள்விப்பட்டு அயலாரும் வந்தார்கள். 200 பேருக்கு மேல் கூடினார்கள். கணவருக்குப் பதிலாயிருந்த உதவிப் போதகருக்குப் பொறுக்குமா? கடிதம் போட்டார். கணவரும் நிறுத்தும்படி எழுதினார். நிறுத்தவேண்டுமானால் 'விருப்பம்' என்று எழுதாமல் கட்டளையாகவே எழுதும், நியாயத்தீர்ப்பு நாளில் அந்தக் குற்றம் என்மேல் வராதிருக்கட்டும் என்ற பொருளில் அம்மையார் பதில் எழுதினார். கணவர் அதற்குமேல் தடுக்கவில்லை. எழுப்புதலுக்குக் கர்த்தர் எடுத்து உபயோகித்த ஜானும் சார்லஸும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

பரீட்சையிலே இதற்கு விடை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் ஊழியத்திலே அந்த உதவிப் போதகராய்ப் போய் நின்றேனே!

தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். பிள்ளைக்குள் விசுவாசத்தை வைத்தவர்கள் தாயும் பாட்டியும். லோவிசாளைப் பவுல் பேர் சொல்லியே எழுதுகிறார். பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலே ஜெபிக்கிற பாட்டியை, "சும்மா இருங்க, டி.வி. கேக்கல" என்று அடக்கியிருக்கிறீர்களா?

விடிந்ததும் பாட்டியம்மா வீட்டுக்குப் போனேன். மாவாட்டிக்கொண்டிருந்தார்கள். "நான் சொன்னது தப்பும்மா, சனிக்கிழமை நடத்துங்க" என்றேன். "உக்காருங்கய்யா, காப்பி குடிங்க" என்றார்கள். அவ்வளவுதான். அதைப் பற்றி ஒருநாளும் பேசினதில்லை.

இப்போது மருமகள் அந்தக் கூட்டத்தை நடத்துகிறார். சனிக்கிழமை மாலை 5 மணி, அதே அடுப்படி. நான் போனால் வாசல்படியில்தான் இடம் கிடைக்கிறது.