மடியில் ஒரு நீலக் கிண்ணம்

என் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனால், ஹாலைத் தாண்டி ஓர் அறை இருக்கிறது. அதற்குள் போகுமுன் தோள்பையை வெளியே வைத்துவிட வேண்டும். துப்பட்டா, முந்தானை எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். பூஜை அறை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஒரு கண்ணாடி பீரோ. அதில் பதினோரு பழைய சீனப் பீங்கான்கள். வெள்ளை உடம்பில் நீலச் சித்திரம்.

வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முதல் தட்டைக் காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினார். அப்புறம் பி.எஃப். பணத்தில் பாதி அந்த பீரோவுக்குள் போய்விட்டது.

"பேத்தி வந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவளை இந்த ரூமுக்குள்ள விடறதே இல்லையே" என்றார், பெருமையாக.

இந்த மோகத்தைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால், அந்த நீலத்தைப் பக்கத்தில் பார்த்தால் உங்களுக்கும் வாயடைத்துப் போகும். 14-ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டெஜென் நகரத்துக் குயவர்கள், பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட் கல்லை அரைத்து, சுடாத மண் மேல் சித்திரம் எழுதினார்கள். எழுதும்போது அது நீலம் இல்லை, மங்கின கறுப்பு. மேலே பளபளப்புப் பூச்சு கொடுத்து, ஏறக்குறைய 1,300 டிகிரி சூட்டில் வேகவைத்த பிறகுதான் நீலம் பிறக்கும். வரைந்தவனே தன் நிறத்தைச் சூளை திறந்த பிறகுதான் பார்ப்பான்!

நமக்கும் இது அந்நியச் சரக்கு இல்லை. ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்தில், 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. கப்பலில் வந்து இறங்கிய சரக்கு. இன்றைக்கும் தென்னாட்டில் வாணலிக்குச் சீனச்சட்டி என்று பெயர் சொல்கிற வீடுகள் உண்டே.

போன தை மாதம் அந்த நண்பரும் நானும் காஞ்சிபுரம் பக்கத்திலுள்ள கூரத்துக்குப் போனோம். "சாயங்காலத்துக்குள்ள திரும்பிடணும்" என்ற நிபந்தனையோடுதான் வந்தார். ராத்திரி வெளியூரில் தங்கி அவருக்குப் பல வருஷமாகிறது. காரணம் உங்களுக்கே தெரியும். பீரோ.

கூரம், ராமானுஜரின் பிரதம சீடர் கூரத்தாழ்வாரின் சொந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குச் சன்னிதி உண்டு. பெரும் செல்வந்தர். தினமும் அன்னதானம். ராத்திரி அவர் மாளிகைக் கதவைச் சாத்துகிற சத்தம் காஞ்சிபுரத்தில் பெருந்தேவித் தாயார் காதில் விழுந்ததாம். 'இத்தனை சத்தம் போடுகிறதா என் செல்வம்?' என்று கூசிப்போய், எல்லாவற்றையும் துறந்து ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டார். கூடவே அவர் மனைவி ஆண்டாள் அம்மையார்.

காட்டு வழி. "பயம் ஏதும் உண்டா?" என்று அம்மையார் கேட்கிறார். "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?" என்கிறார் கணவர். அப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. அவர் சாப்பிடுவதற்காக ஒரு பொன்வட்டிலை மட்டும் அம்மையார் எடுத்து வந்திருக்கிறார். ஆழ்வார் அதை வாங்கிக் காட்டில் வீசிவிட்டு நடந்தார் என்கிறது வைணவ மரபு.

சன்னிதியில் நின்றபடி இந்தக் கதையைச் சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பர் பேசவில்லை. காரில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"பொன்னை வீசினா அது பொன்னாத்தான் சார் கிடக்கும். யாராவது எடுத்துப் பிழைச்சுப்பான். என் கிண்ணத்தை வீசினா ஓட்டாஞ்சில்லு. முன்னூறு வருஷமா யார் யாரோ உடையாம காப்பாத்திக் கொடுத்திருக்காங்க. அதை வீச நான் யாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. யோசித்தால், அவர் சொன்னது சரி. வீசுகிற உரிமைகூட 'இது என்னுடையது' என்ற நினைப்பிலிருந்துதானே வருகிறது? ஆனால், அவர் வாயாலேயே இன்னொன்றும் வந்துவிட்டது. 'யார் யாரோ காப்பாற்றிக் கொடுத்தது' என்றால், அவரும் அந்த வரிசையில் ஓர் ஆள்தான். சொந்தக்காரர் அல்ல, காவல்காரர்.

நான் பி.காம். படித்தவன். பாலன்ஸ் ஷீட்டில் சொத்து வலப்பக்கம், கடன் இடப்பக்கம். நமக்குக் கொடுப்பது சொத்து; நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டே இருப்பது கடன். ராத்திரித் தூக்கத்தையும், வெளியூர்ப் பயணத்தையும், பேத்தியின் ஓட்டத்தையும் வாங்கிக்கொள்கிற ஒரு பீரோவை எந்தப் பக்கம் எழுதுவது?

மும்பையில் 1892-ல் பிறந்தவர் பெர்சிவல் டேவிட். பணக்காரக் குடும்பம். வாழ்நாள் முழுக்கச் சீனப் பீங்கான் சேர்த்தார். அவரிடம் ஒரு ஜோடி நீலச் சாடிகள் இருந்தன. அவற்றின் கழுத்தில் 1351-ஆம் வருஷத்துத் தேதியோடு எழுத்து உண்டு: சாங் வென்ஜின் என்பவர் தன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டி ஒரு கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை. எங்கோ ஒரு தகப்பனின் வேண்டுதல், கை மாறிக் கை மாறி ஒரு கோடீஸ்வரரிடம் வந்திருக்கிறது. அவர் என்ன செய்தார்? 1950-ல் தன் சேகரிப்பை லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 2024-ல், அவர் பெயரிலான அறக்கட்டளை சுமார் 1,700 பொருள்களையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே வழங்கிவிட்டது. மதிப்பு சுமார் நூறு கோடி பவுண்டு!

அவ்வளவு தூரம் போவானேன்? இதே கூரத்தில் கிடைத்த பல்லவர் கால நடராஜர், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறார். கோயிலில் இருந்தால் தீபாராதனை உண்டு, அங்கே கிடையாது. அது ஒரு நஷ்டம்தான். ஆனாலும் யார் வீட்டு பீரோவுக்குள்ளும் போய் மறையாமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறார்.

ஆக, கேள்வி வைத்துக்கொள்வதா, வீசுவதா என்பதல்ல. யாருக்காக வைத்திருக்கிறோம்? ஆண்டாள் அம்மையாரிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது: 'இவர் சாப்பிட'. அதனால்தான் அவர் மேல் நமக்குக் கோபமே வருவதில்லை. நண்பரிடம் பதினோரு பீங்கான் இருந்தன. பதில்தான் இல்லை.

சிரிக்காதீர்கள். உங்கள் பீரோவையும் திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டு, 'விசேஷத்துக்கு ஆகும்' என்று அந்துருண்டைக்கு நடுவில் எத்தனை வருஷமாகத் தூங்குகிறது? கட்டாமல் மடித்தே வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும் என்று பட்டு தெரிந்தவர்கள் சொல்வார்கள். நாம் பத்திரம் என்று நினைப்பதே அதைத் தின்கிறது.

போன மாதம் நண்பர் போன் செய்தார்.

"பேத்தியை அந்த ரூமுக்குள்ள விட்டேன் சார். தரையில உட்காரவெச்சு, ஒரு கிண்ணத்தை ரெண்டு கையிலயும் கொடுத்தேன். அதுல ஒரு மீன் இருக்கு. அதையே பார்த்துக்கிட்டு இருந்தா."

"கை நடுங்கிச்சா?"

"அவளுக்கு நடுங்கலை. எனக்குத்தான்."