எனக்கு மட்டும் தெரியும் கத்தி

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 விளையாடியவர்களுக்கு 'மாடல்ஸ்' ஃபோல்டர் நினைவிருக்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதில் மூன்று கோப்புகள். 'வி' என்று தொடங்குவது, விளையாடுபவன் தன் கையில் பார்க்கும் துப்பாக்கி. 'பி' என்று தொடங்குவது, அதே துப்பாக்கி அவன் கையில் மற்றவர்களுக்குத் தெரியும் விதம். 'டபள்யூ', அவன் செத்த பிறகு தரையில் கிடப்பது. இணையத்தில் யாரோ செய்து வைத்த தங்க நிற ஏகே-47ஐப் பதிவிறக்கி, பெயரை மாற்றி, பழைய கோப்பின் மேல் ஒட்டினால் வேலை முடிந்தது. ஸ்கின் போடுவது என்போம். பெரும்பாலும் நாங்கள் மாற்றியது 'வி' கோப்பை மட்டும்தான். என் துப்பாக்கி தங்கம் என்பது எனக்கு மட்டும் தெரியும். என்னிடம் சுடுபட்டுச் சாகிறவனுக்கு அது பழைய ஏகேதான்.

இதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. தோட்டா கூடவில்லை, வேகம் கூடவில்லை. எதிராளியின் உருவக் கோப்பையே மாற்றி, சுவருக்கு இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு தெரிகிற மாதிரி அதில் முட்களை வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அது ஏமாற்று வேலை. அதைப் பிடிக்கத்தான் சர்வர்கள் கோப்புகளைச் சோதித்தன. நாங்கள் செய்தது அலங்காரம். தவிர, இந்த விளையாட்டே இன்னொருவர் விளையாட்டில் கை வைத்ததால் பிறந்தது. 'ஹாஃப் லைஃப்'பை எடுத்து 1999இல் மின் லேயும் ஜெஸ் கிளிஃபும் செய்த மாற்றம்தான் கவுண்டர் ஸ்ட்ரைக். அடுத்த ஆண்டு வால்வ் நிறுவனமே அதை வெளியிட்டது.

2011. நான் படிவம் மூன்று. மெர்கோங்கில், தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு சைபர் கஃபே. மணிக்கு இரண்டு வெள்ளி. ஏழாம் எண் கணினி எனக்கே எழுதி வைத்த மாதிரி. எல்லாத் துப்பாக்கிக்கும் ஸ்கின் போட்டு அலுத்துப் போயிருந்தது. துப்பாக்கி எங்களுக்கு எப்போதுமே பொம்மைதான். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டாலே தூக்கு வரை போகக்கூடிய நாடு இது. நிஜத் துப்பாக்கியைப் போலீஸ்காரர் இடுப்பிலும் நகைக்கடைக் காவலாளி தோளிலும் பார்த்ததோடு சரி. கத்தி அப்படியில்லை. கத்தி எல்லார் வீட்டிலும் இருந்தது.

தாத்தா சுங்கைப் பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் மரம் சீவியவர். எங்களோடு தங்க வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் ஒரு பாராங் கத்தியும் இருந்தது. பிடியில் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றியிருப்பார். சரஸ்வதி பூசையன்று கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைப்பார். அந்தக் கத்தியை விளையாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெட்டரிவாள் மாதிரி ஒரு மாடல் இணையத்தில் கிடைத்தது. அதன் தோலை உரித்து எடுத்தால் 256 நிறங்களே கொண்ட தட்டையான ஒரு படம். பெயிண்டில் உட்கார்ந்து பிடியைக் கறுப்பாக்கினேன். அலகில் அங்கங்கே வாய் மழுங்கிய கீறல்கள் வைத்தேன், புதுசாக இருந்தால் நிஜம் போலத் தெரியவில்லை. நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. இரண்டு நாள் வேலை.

அடுத்த வாரம் போனபோது ஏழாம் எண்ணில் வேறு பையன் இருந்தான். எங்கள் பிளாட்தான், என்னைவிட இரண்டு வயது சின்னவன். கத்தியைக் கையில் வைத்திருந்தால் வேகமாக ஓடலாம் என்பதால் எல்லாரும் ஆட்டம் தொடங்கியதும் மூன்றை அழுத்துவார்கள். அவனும் அழுத்தினான். திரையில் தாத்தாவின் பாராங் எழுந்து நின்றது. அதன் பிறகு அவன் நகரவில்லை. வெட்டவெளியில் நின்றபடியே சுடுபட்டுச் செத்தான்.

"இத யாரு போட்டா?"

"நான்தான்டா. பொட்டு பாத்தியா?"

"பொட்டா?" என்றான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் கட்டிய காசுக்கு இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது.

முந்தைய வருஷம் அவன் அண்ணனை ஒரு கும்பல் வெட்டியிருந்தது. எங்கள் பிளாட்டில் தெரியாதவர் இல்லை. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்ட அந்தக் கையை நானே பார்த்திருக்கிறேன். வரையும்போது இரண்டு நாளில் ஒரு தடவைகூட அது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்றால், அதுவும் நிச்சயமில்லை.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் படித்துவிட்டு எனக்கு ஆதரவாக ஒரு சாட்சி கிடைத்தது என்று நினைத்தேன். தொண்டைமானின் ஆயுதங்கள் பீலியும் மாலையும் சூடி நெய் பூசிக் காவலறையில் அழகாக இருக்கின்றன, அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போல இடிக்கிறார். அப்படியானால் அலங்கரித்த ஆயுதம் யாரையும் வெட்டாத ஆயுதம், பாவமில்லாதது. என் ஸ்கின்னும் அந்த வகை.

ஆனால் 2013இல் வால்வ் புதிய கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஸ்கின்களைக் காசுக்குக் கொண்டுவந்தது. இம்முறை எல்லாருக்கும் தெரியும்படி. ஆலைப் புதுசு முதல் போர்த் தழும்பு வரை தேய்மானத்திலும் தரம் பிரித்திருந்தார்கள். எவ்வளவு விளையாடினாலும் அந்தத் தேய்மானம் கூடாது. தழும்போடு வாங்கினால் தழும்போடு, புதுசாக வாங்கினால் என்றைக்கும் புதுசு. ஔவையாருக்கு இதைச் சொன்னால் என்ன சொல்லியிருப்பாரோ! பட்டறையில் கிடந்த உடைந்த நுனியையும் காவலறைக்குள் கொண்டுவந்து மாலை போட்டுவிட்டார்கள். அதைக் கேலி செய்ய வாய் திறந்தபோதுதான் நான் அலகில் வரைந்த கீறல்கள் ஞாபகம் வந்தன. தாத்தாவின் கத்தி மட்டைகளை வெட்டி மழுங்கியது. நான் வைத்த கீறல்கள் மட்டை வெட்டியவை அல்ல. பையன் சரியாகத்தான் பார்த்தான்.

ஸ்கின் போடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. தங்க ஏகே இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது, தூக்கவும் உத்தேசமில்லை. 'எனக்கு மட்டும்தானே தெரியும்' என்ற வாதத்தைத்தான் இப்போது என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கணினியில் எனக்குப் பிறகு யார் உட்காருவார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அவன் கண்ணுக்கு முன்னால், அவன் கையில் இருப்பது போலவே, அதை வைத்துவிட்டேன். அந்த விளையாட்டில் துப்பாக்கியை ஜி அழுத்திக் கீழே போட்டுவிடலாம். கத்தியைப் போட முடியாது.

மறுநாள் பள்ளி முடிந்ததும் ஓடினேன். பழைய கோப்பை எடுத்து வைக்காமலே மேலே ஒட்டியிருந்தேன், அவ்வளவு அவசரம். எட்டாம் எண்ணுக்கும் காசு கட்டி, அதிலிருந்த கத்தியைப் பெண்டிரைவில் எடுத்து ஏழில் போட்டேன். தவுக்கே எதற்கு இரண்டு கணினி என்று கேட்டார். நண்பன் வருகிறான் என்றேன். ஆட்டத்தைத் திறந்து மூன்றை அழுத்திப் பார்த்தேன், பழைய கத்தி வந்தது. ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன், அவன் வரவில்லை.